முன்பின் தெரியாத முகங்கள்: நியூயார்க் தெருக்களில் உருவப்படக் கலை பழகிய வரலாறு

தெரு, ரயில், பூங்கா, சந்தை போன்ற பொது இடங்களில் எதிர்ப்படும் முன்பின் தெரியாத மனிதர்களை உருவப்படம் எடுப்பது, புகைப்படக் கலையில் தனிப் பயிற்சி தேவைப்படும் ஒரு பிரிவு. ஸ்டூடியோவுக்கு வருபவர் படம் வேண்டும் என்று தாமே வருகிறார். தலை வாரி, நல்ல உடை உடுத்தி, காசு கொடுத்து உட்காருகிறார். தெருவில் நிற்பவரோ எந்தப் படத்தையும் கேட்டவர் அல்லர். அவரை நெருங்குவதா தள்ளி நிற்பதா, சொல்லிவிட்டு எடுப்பதா சொல்லாமல் எடுப்பதா, எடுத்த படத்தை யாருக்குக் காட்டுவது என்பதையெல்லாம் எடுப்பவரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. லென்ஸையும் ஷட்டரையும் பழகுவதைவிட இந்த முடிவுகளைப் பழகுவதே இத்துறையில் கடினமான பாடமாக இருந்துவந்திருக்கிறது.

இந்தப் பாடம் பல ஊர்களில் தனித்தனியே படிக்கப்பட்டது. லண்டனில் ஜான் தாம்சன் 1877-78இல் தெருவோரத் தொழிலாளர்களைப் படமெடுத்து வெளியிட்டார். ஜெர்மனியின் கொலோன் நகரைச் சேர்ந்த ஆகஸ்ட் சாண்டர் உழவர் முதல் வழக்கறிஞர் வரை பல தொழிலினரையும் எடுத்து, அவற்றில் 60 படங்களை 1929இல் நூலாக்கினார். ஆனால் ஒருவரிடமிருந்து மற்றொருவர் கற்ற தொடர்ச்சி தெளிவாகத் தெரியும் ஊர் நியூயார்க். அங்கே சிலர் ஒரே வகுப்பறையில் ஆசிரியரும் மாணவருமாக இருந்தனர். சிலர் முன்னவரின் ஒரே ஒரு படத்தைப் பார்த்துத் தம் வழியைத் தேடிக்கொண்டனர். எடுக்கப்படுபவருக்குத் தெரிந்து எடுப்பதா, தெரியாமல் எடுப்பதா என்ற கேள்வி இந்தத் தொடர்ச்சி முழுவதிலும் வருகிறது.

மெக்னீசியப் பொடியின் வெளிச்சம்

1880களின் இறுதியில் நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதி, ஐரோப்பாவிலிருந்து வந்து குவிந்த ஏழைகளின் நெருக்கமான குடியிருப்பு. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜேக்கப் ரீஸ், அங்கே போலீஸ் செய்திகளைச் சேகரிக்கும் நிருபராக இருந்தார். ஜன்னல் இல்லாத அறைகளில் மக்கள் அடைந்து கிடப்பதை எழுதி எழுதியும் படிப்பவர் மனத்தில் அது தைக்கவில்லை. படம் எடுக்கலாம் என்றால் அந்த அறைகளில் வெளிச்சம் இல்லை. 1887இல் ஜெர்மனியில் மெக்னீசியம் கலந்த பிளாஷ் பொடி கண்டுபிடிக்கப்பட்ட செய்தி அந்தத் தடையை நீக்கியது.

ரீஸ் தம் துணையாட்களோடு நள்ளிரவில் அறைகளுக்குள் நுழைந்து பொடியைக் கொளுத்தினார். தொடக்கத்தில் பொடியைத் துப்பாக்கி போன்ற கருவியில் வைத்து வெடித்தார்கள். அது கண்டு மக்கள் அஞ்சியதால் பின்னர் வாணலியில் கொட்டிப் பற்றவைத்தார்கள். தூக்கம் கலைந்தவர்கள் என்ன நடந்தது என்று உணர்வதற்குள் படம் பிடிக்கப்பட்டிருக்கும். இந்த வேலையில் இரண்டு முறை வீட்டில் தீப்பற்றியதாக ரீஸே எழுதியிருக்கிறார். 1890இல் வெளிவந்த அவருடைய நூல் குடியிருப்புச் சீர்திருத்தத்துக்குப் பெரும் தூண்டுகோலானது. நோக்கம் நல்லதுதான். ஆனாலும் அந்தப் படங்களில் பல முகங்கள் திடுக்கிட்ட முகங்கள். வறுமைக்குச் சான்று தேடியவருக்கு அது போதுமானதாக இருந்தது; அந்த மனிதர்கள் யார் என்பதை அவை அதிகம் சொல்லவில்லை.

எல்லிஸ் தீவில் ஓர் ஆசிரியர்

அதே பிளாஷ் பொடியை வேறு விதமாகப் பயன்படுத்தியவர் லூயிஸ் ஹைன். விஸ்கான்சின் மாநிலத்தில் 1874இல் பிறந்த இவர், நியூயார்க்கின் எத்திக்கல் கல்ச்சர் பள்ளியில் ஆசிரியர். பள்ளித் தலைவர் ஃபிராங்க் மேனியின் தூண்டுதலால்தான் அவர் கேமராவைக் கையில் எடுத்தார். 1904 முதல், குடியேற வருவோர் கப்பலிலிருந்து இறங்கும் எல்லிஸ் தீவுக்குப் போகத் தொடங்கினார். 1907ஆம் ஆண்டில் மட்டும் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் கடந்துபோன இடம் அது.

நெரிசலான கூடத்தில் ஹைன் முதலில் ஒரு முகத்தையோ ஒரு குடும்பத்தையோ கண்டுகொள்வார். மொழி தெரியாததால் கைச்சாடையால் நிற்கச் சொல்வார். முக்காலியை நிறுத்தி, பின்கண்ணாடியில் குவியம் சரிபார்த்து, தகட்டைச் செருகி, பொடியை நிரப்ப வேண்டும். அதற்குள் கூட்டம் இடித்துக்கொண்டு போகும். பொடி வெடித்ததும் புகை மண்டிவிடும் என்பதால் இரண்டாவது வாய்ப்பு அரிது. எனவே எதிரே நிற்பவரின் ஒத்துழைப்பு இல்லாமல் அந்தப் படங்கள் கிடைத்திருக்க வழியில்லை. கருவியின் மந்தமே எடுப்பவரையும் எடுக்கப்படுபவரையும் சிறிது நேரம் ஒன்றாக நிறுத்திவைத்தது. தலையில் முக்காடிட்ட தாய்மாரும் மூட்டை சுமந்த ஆடவரும் அந்தப் படங்களில் நேராக நோக்குகிறார்கள்.

1908 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காகப் பணியாற்றியபோது ஹைன் மற்றொரு பழக்கத்தையும் உருவாக்கினார். படத்தோடு பெயர், வயது, ஊர், வேலை, கூலி ஆகியவற்றையும் குறித்துவைப்பார். ஆலைகளில் கண்காணிப்பு கடுமையாக இருந்ததால் சட்டைப்பைக்குள் கைவிட்டுக் குறிப்பெழுதுவார். குழந்தையின் உயரத்தைத் தம் கோட்டுப் பொத்தான்களோடு ஒப்பிட்டு அளந்துகொள்வார். ஆலைக்குள் நுழைய அவர் வேடம் போட்டதுண்டு. அந்த மறைப்பு முதலாளிகளுக்காகத்தான். படத்தில் நிற்கும் குழந்தைக்குக் கேமரா கண்ணெதிரே இருந்தது.

பொய் லென்ஸ்

எத்திக்கல் கல்ச்சர் பள்ளியில் ஹைனிடம் புகைப்படம் கற்ற மாணவர்களில் ஒருவர் பால் ஸ்டிராண்ட். ஐந்தாவது அவென்யூவில் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் நடத்திய காட்சிக்கூடத்துக்கு மாணவர்களை ஹைன் அழைத்துப் போனார்; புகைப்படத்தைத் தம் வாழ்க்கையாகக் கொள்ளும் முடிவை ஸ்டிராண்ட் அங்கேதான் எடுத்தார். ஆனால் ஆசிரியர் போன வழியில் மாணவர் போகவில்லை. கேமராவைக் கண்டதும் முகங்கள் மாறிவிடுகின்றன, மாறாத முகமே உண்மையானது என்பது இளம் ஸ்டிராண்டின் எண்ணம்.

1916இல் அவர் தம் கேமராவின் பக்கவாட்டில் பளபளக்கும் பித்தளை லென்ஸ் ஒன்றைப் பொருத்தினார். அது வெறும் கண்துடைப்பு. உண்மையான லென்ஸ் அவர் கைக்கு அடியில், செங்கோணத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு யாரையோ எடுக்கிறார் என்று நினைத்தவர்களின் முகங்கள் மிக அருகிலிருந்து பதிவாயின. அவற்றில் மிகவும் பெயர்பெற்றது, பார்வையற்றவர் என்ற அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு, நகராட்சியின் நடைவணிக உரிம வில்லையையும் அணிந்து நிற்கும் ஒரு பெண்ணின் படம். ஸ்டீக்லிட்ஸின் ‘கேமரா ஒர்க்’ இதழின் 1917ஆம் ஆண்டுக் கடைசி இதழில் அது அச்சானது. பார்வையற்ற ஒருவரைக் கேமராவை ஒளித்துவைத்து எடுக்கத் தேவையே இல்லை. ஒளிவு, பொய் லென்ஸ் ஆகியவற்றின் பொருள் என்ன என்ற கேள்வியை அந்தப் படமே எழுப்பிவிட்டது.

ஸ்டிராண்ட் பிற்காலத்தில் இந்த முறையைக் கைவிட்டார். 1953இல் இத்தாலியின் லுஸாரா என்ற சிற்றூரில் அவர் எடுத்த புகழ்பெற்ற படங்களில் ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு வாசலில், தெரிந்தே கேமராவை எதிர்கொண்டு நிற்கிறார்கள். ஹைன் கற்பித்த இடத்துக்கே அவர் நீண்ட பயணத்துக்குப் பின் வந்துசேர்ந்தார் எனலாம்.

கோட்டுக்குள் ஒரு கேமரா

‘கேமரா ஒர்க்’ இதழின் பழைய பிரதிகளை நியூயார்க் பொது நூலகத்தில் புரட்டிய இளைஞர் ஒருவரை அந்தப் பார்வையற்ற பெண்ணின் படம் பிடித்துக்கொண்டது. அவர்தான் வாக்கர் எவன்ஸ். 1925இல் லைக்காவும் பின்னர் கான்டாக்ஸும் விற்பனைக்கு வந்திருந்ததால், 35 மி.மீ. ஃபிலிமில் இயங்கும் கைக்கடக்கமான கேமராக்கள் அவருக்குக் கிடைத்தன. ஸ்டிராண்டுக்குப் பக்கவாட்டு லென்ஸ் தேவைப்பட்டது. எவன்ஸுக்கு ஒரு கோட்டு போதுமானதாக இருந்தது.

1938 முதல் 1941 வரை எவன்ஸ் நியூயார்க்கின் சுரங்க ரயிலில் பயணிகளை எடுத்தார். கான்டாக்ஸின் பளபளப்பான பகுதிகளுக்குக் கருப்பு வண்ணம் பூசி, கேமராவைக் கோட்டுக்குள் கட்டி, இரண்டு பொத்தான்களுக்கு நடுவே லென்ஸை எட்டிப்பார்க்கவைத்தார். ஷட்டரை அழுத்தும் கம்பி கோட்டின் கைப்பகுதிக்குள் ஓடி உள்ளங்கையில் முடிந்தது. கனத்த கோட்டு தேவை என்பதால் இது குளிர்காலத்துக்கு மட்டுமே ஒத்துவந்தது. வியூஃபைண்டர் வழியே பார்க்க முடியாது. எதிர் இருக்கையின் தூரத்தைக் கணக்கிட்டு முன்கூட்டியே குவியம் வைத்துக்கொள்ள வேண்டும். விளக்கொளி மங்கல் என்பதால் ஷட்டர் மெதுவாகவே இயங்கும்; ரயில் ஆட்டத்தில் படம் கலங்கும். சட்டகத்தை இருட்டறையில்தான் சரிசெய்ய முடியும். எவரைத் தேர்ந்தெடுப்பது என்பதைக்கூட இருக்கை அமைப்பே முடிவு செய்தது.

இப்படிக் கிடைத்த நூற்றுக்கணக்கான படங்களில் 89 படங்கள் 1966இல்தான் நூலாக வெளிவந்தன. முன்னுரை எழுதிய ஜேம்ஸ் ஏஜீ அதற்குள் இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. படத்தில் உள்ளவர்களின் அந்தரங்கம் கருதியும் இந்த நீண்ட தாமதம் நேர்ந்ததாகக் கூறப்படுகிறது. எடுக்கும்போது கேட்கப்படாத அனுமதியை, காலம் கடத்துவதன் மூலம் ஓரளவு ஈடுசெய்யப் பார்த்ததாக அதைக் கொள்ளலாம்.

எவன்ஸ் 1946இல் வேறொரு முறையையும் முயன்றார். ‘ஃபார்ச்சூன்’ இதழுக்காக டெட்ராய்ட் நகரின் நடைபாதை ஓரத்தில் நல்ல வெளிச்சமும் எளிய பின்புலமும் உள்ள ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு, ரோலிஃபிளெக்ஸ் கேமராவுடன் அங்கேயே நின்றார். கடந்துபோன தொழிலாளர்கள் ஒவ்வொருவராக அந்தச் சட்டகத்துக்குள் வந்து போனார்கள். ஆளைத் துரத்தாமல் இடத்தையும் ஒளியையும் முடிவு செய்துகொண்டு காத்திருக்கும் இந்த முறை, தெருவில் உருவப்படம் பழகுவோருக்கு இன்றும் முதல் பயிற்சியாகச் சொல்லித்தரப்படுகிறது.

சுரங்க ரயில் பயணங்களில் எவன்ஸின் பக்கத்தில் உட்கார்ந்து பிறர் கவனத்தைத் திருப்பியவர்களில் ஹெலன் லெவிட்டும் ஒருவர். புரூக்ளினில் 1913இல் பிறந்த லெவிட், ஈஸ்ட் ஹார்லம் பகுதியில் குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்தவர். அவர்கள் தெருவில் சாக்குக்கட்டியால் வரைவதைக் கண்டு படமெடுக்கத் தொடங்கினார். லைக்காவில் செங்கோண வியூஃபைண்டரைப் பொருத்திக்கொண்டு, ஒரு பக்கம் பார்ப்பதுபோல் நின்று மறுபக்கத்தை எடுத்தார். கருவி ஸ்டிராண்டின் தந்திரத்தின் சிறிய வடிவம்தான். ஆனால் திரும்பத் திரும்ப அதே தெருக்களுக்குப் போனதால் தெருவே அவருக்குப் பழகிவிட்டது. நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகம் 1943இல் அவருடைய படங்களைத் தனிக் காட்சியாக வைத்தது.

வகுப்பறைக்கு வந்த தெரு

அதுவரை தனிமனிதர்களின் கண்டுபிடிப்பாக இருந்த முறைகளைப் பாடமாக்கியதில் ஃபோட்டோ லீக் என்ற அமைப்புக்குப் பெரும் பங்குண்டு. 1936இல் தொடங்கிய இந்தச் சங்கம், குறைந்த கட்டணத்தில் சாதாரணத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் புகைப்படம் கற்றுக்கொடுத்தது. பள்ளியை நடத்திய சிட் கிராஸ்மன், மாணவர்களை ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்து அங்கே மீண்டும் மீண்டும் போகவைத்தார். எடுத்த படங்கள் வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் விவாதிக்கப்பட்டன. இடதுசாரிச் சாய்வைக் காரணம் காட்டி 1947 டிசம்பரில் அமெரிக்க அரசு அதன் பெயரைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்தது; உறுப்பினர்கள் விலக, 1951இல் அமைப்பு கலைந்தது.

ஃபோட்டோ லீக்கோடு தொடர்பு கொண்டிருந்த லிஸெட் மாடல், அந்த ஆண்டே நியூ ஸ்கூல் கல்வி நிறுவனத்தில் ஆசிரியரானார். வியன்னாவில் பிறந்து இசை பயின்ற அவர், 1934இல் பிரான்சின் நீஸ் நகரக் கடற்கரைச் சாலையில் நாற்காலியில் சாய்ந்திருந்த செல்வந்தர்களை எடுத்த படங்களால் அறியப்பட்டவர். அந்தப் படங்களின் நெருக்கம் பெரும்பாலும் இருட்டறையில் பிறந்தது; தேவையற்றதை வெட்டித் தள்ளி, உருவம் சட்டகத்தை நிறைக்கும்படி அவர் பெரிதாக்கினார். மாணவர்களைத் தங்களை உலுக்கும் விஷயத்தை நோக்கி அவர் தள்ளினார்.

அனுமதியின் எல்லை

1950களின் பிற்பாதியில் மாடலிடம் படித்த மாணவர்களில் ஒருவர் டயான் ஆர்பஸ். கணவரோடு சேர்ந்து ஃபேஷன் படங்கள் எடுத்துவந்த ஆர்பஸ், அதை விட்டு நியூயார்க்கின் பூங்காக்களுக்கும் தெருக்களுக்கும் வந்தார். 1962இல் 35 மி.மீ. கேமராவிலிருந்து சதுரப் படம் தரும் ரோலிஃபிளெக்ஸுக்கு மாறினார். 1929இல் ஜெர்மனியில் அறிமுகமான அந்த இரட்டை லென்ஸ் கேமராவை வயிற்றருகே பிடித்துக் குனிந்து பார்க்க வேண்டும். எடுப்பவரின் முகத்தை அது மறைப்பதில்லை. எனவே எதிரே இருப்பவரோடு பேசிக்கொண்டே எடுக்கலாம்.

ஆர்பஸ் ஒளிந்து எடுக்கவில்லை. அறிமுகம் செய்துகொண்டார், பேசினார், பலரின் வீடு வரை போனார், சிலரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து எடுத்தார். ஆனாலும் அவருடைய படங்கள் கடுமையானவை என்ற குற்றச்சாட்டு இன்றுவரை தொடர்கிறது. 1962இல் சென்ட்ரல் பார்க்கில் பொம்மை வெடிகுண்டை இறுகப் பிடித்து முகத்தைக் கோணியபடி நிற்கும் சிறுவனின் படம் இதற்குச் சான்று. அதே சுருளில் உள்ள மற்றப் படங்களில் அந்தச் சிறுவன் சிரித்து விளையாடும் சாதாரணப் பிள்ளை. பொறுமை இழந்த ஒரு கணத்தை எடுத்தவர் தேர்ந்தெடுத்தார். படம் எடுக்கச் சம்மதிப்பதும், எந்தப் படம் உலகுக்குப் போகும் என்பதில் பங்கு பெறுவதும் வேறு வேறு என்பதை இந்த ஒரு சுருள் வெளிப்படுத்தியது. 1967இல் நவீனக் கலைக் காட்சியகத்தில் லீ ஃபிரிட்லாண்டர், கேரி வினோகிராண்ட் ஆகியோரோடு ஆர்பஸின் படங்களும் வைக்கப்பட்டன. பொது இடத்து மனிதர்களின் படம் கலையாக அங்கீகாரம் பெற்றதில் அந்தக் காட்சி ஒரு முக்கியக் கட்டம்.

இதே காலத்தில் புரூஸ் டேவிட்சன் எதிர்த்திசையில் போனார். 1966 முதல் இரண்டு ஆண்டுகள் ஈஸ்ட் ஹார்லமின் 100ஆம் தெருவில், அங்குள்ள குடியிருப்போர் குழுவின் ஒப்புதல் பெற்று, முக்காலியில் நிறுத்திய பெரிய கேமராவால் எடுத்தார். எடுக்கப்பட்டவர்களுக்குப் படத்தின் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கைக்கடக்கமான கேமராக்கள் மலிந்த காலத்தில் வேண்டுமென்றே மந்தமான கருவியைத் தேர்ந்தது, ஹைனின் முறைக்குத் திரும்பியதாகும். 1980இல் அவர் சுரங்க ரயிலுக்கு வந்தபோது எவன்ஸ் மறைத்த எல்லாவற்றையும் வெளிப்படையாகச் செய்தார்: வண்ண ஃபிலிம், பளிச்சென்ற பிளாஷ், கழுத்தில் தொங்கும் கேமரா. தம் படங்கள் அடங்கிய சிறிய ஆல்பம் ஒன்றையும் கையோடு வைத்திருந்தார். தயங்குபவரிடம் அதைக் காட்டி, எதற்காக எடுக்கிறார் என்பதை விளக்குவார். சில நேரம் எடுத்துவிட்டு விளக்கினார், சில நேரம் கேட்டுவிட்டு எடுத்தார்.

நீதிமன்றத்தில் ஒரு முகம்

கேட்காமல் எடுப்பதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதற்கும் நியூயார்க்கில் நீண்ட பின்னணி உண்டு. ஓர் இளம்பெண்ணின் படத்தை அவருக்குத் தெரியாமல் மாவு விளம்பரத்தில் அச்சிட்ட வழக்கில், 1902இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு உரிமை எதுவும் இல்லை என்றது. மக்கள் கொதித்தெழ, மறு ஆண்டே புதிய சட்டம் வந்தது. எழுத்து மூலமான ஒப்புதல் இல்லாமல் ஒருவரின் பெயரையோ படத்தையோ விளம்பரத்துக்கும் வணிகத்துக்கும் பயன்படுத்துவதை அது தடை செய்தது. படம் எடுப்பதை அது தடுக்கவில்லை.

ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பின் அந்தச் சட்டம் கலைப்படத்துக்கும் பொருந்துமா என்ற கேள்வி எழுந்தது. பிலிப்-லோர்கா டிகார்சியா 1999 முதல் 2001 வரை டைம்ஸ் சதுக்கத்தில், கட்டடச் சாரத்தில் பிளாஷ் விளக்கைக் கட்டி, அதன் அடியில் வந்தவர்களைத் தூரத்திலிருந்து எடுத்தார். இருண்ட பின்புலத்தில் ஒளிபட்ட ஒற்றை முகம் சினிமா காட்சி போல் தனித்துத் தெரிந்தது. படமெடுக்கப்பட்டது அவர்களுக்குத் தெரியாது. அவர்களில் ஒருவர் தம் மதநம்பிக்கைக்கும் இது எதிரானது என்று வழக்குத் தொடுத்தார். காட்சிக்கு வைக்கப்பட்டு விற்கப்பட்டாலும் அது கலை, வணிகப் பயன்பாடு அன்று என்று கூறி 2006இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 2007இல் மாநிலத்தின் உச்சமட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், காலக்கெடு கடந்தது என்ற அளவில் அந்த முடிவை உறுதி செய்தது. எனவே நியூயார்க்கில் கேட்காமல் எடுப்பது சட்டப்படி இயலும். பிரான்சிலும் கனடாவின் கியூபெக்கிலும் நிலைமை வேறு. அங்கே தன் உருவத்தின் மீது ஒருவருக்குள்ள உரிமையை நீதிமன்றங்கள் மேலும் விரிவாக ஏற்றுள்ளன.

கேட்டு எடுப்பவர்களின் காலம்

2010இல் பிராண்டன் ஸ்டாண்டன் நியூயார்க்கில் 10,000 பேரைப் படமெடுத்து நகரின் வரைபடத்தில் பொருத்தும் எண்ணத்தோடு தொடங்கினார். டிஜிட்டல் கேமராவில் படத்தை உடனே எதிரிலிருப்பவருக்குக் காட்டலாம். சமூக ஊடகத்தில் அன்றே வெளியிடலாம். எடுக்கும் முன் அனுமதி கேட்பது அவருடைய முறை. நாளடைவில் படத்தைவிட உரையாடல் முக்கியமானது. ஒருவர் தம்மைப் பற்றிச் சொன்ன சில வரிகளே படத்தின் பொருளைத் தீர்மானித்தன. 2013இல் அது நூலானது. ஹைன் தம் படங்களுக்குப் பெயரும் வயதும் எழுதியதன் தொடர்ச்சியாக இதைப் பார்க்கலாம். அதே சமயம், சில வரிகளுக்குள் ஒரு வாழ்க்கையைச் சுருக்குவது குறித்த விமர்சனமும் எழுந்தது.

இன்று இந்தக் கலையைக் கற்பிக்கும் பட்டறைகளின் பாடத்தில் மேற்கண்ட முறைகள் எல்லாம் ஏதோ ஒரு வடிவில் இடம்பெறுகின்றன: ஒளி நன்றாக விழும் இடத்தைத் தேர்ந்து நிற்பது, ஒரே வட்டாரத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது, கையில் மாதிரிப் படங்களை வைத்திருப்பது, பேசிக்கொண்டே எடுப்பது, பிரதியைக் கொடுப்பது, மறுப்பவரை விட்டுவிடுவது. ரீஸ் முதல் ஸ்டாண்டன் வரை கருவிகள் வேகமானவையாகவும் சிறியவையாகவும் ஆகிக்கொண்டே வந்தன. அதனால் ஒளிந்து எடுப்பது எளிதாகியது, கேட்டு எடுப்பது விருப்பத் தேர்வாகியது. ஒளிந்து எடுத்தவர்கள் கேமராவை உணராத முகத்தைப் பெற்றார்கள். ஸ்டிராண்டும் எவன்ஸும் அதன் மதிப்பை நிரூபித்தனர். கேட்டு எடுத்தவர்கள், தன்னைக் காட்ட முன்வந்த ஒருவரின் முகத்தைப் பெற்றார்கள். ஹைனும் டேவிட்சனும் அதற்குச் சான்று. எனவே எடுப்பதற்கான அனுமதி, எந்தப் படத்தைத் தேர்வது, எங்கே வெளியிடுவது என்ற மூன்றும் தனித்தனியே யோசிக்க வேண்டியவை. முதலாவதைப் பெற்றுவிட்டால் மற்ற இரண்டும் தீர்ந்துவிடுவதில்லை என்பதே இந்த நூற்றாண்டுக்கும் மேலான பழக்கம் விட்டுச்சென்ற பாடம்.